சில வண்ணங்களில் ஓர் உயிர்முகம்

ஓவியன்பால் வண்ணங்கள் மிகுந்தால் ஓவியமும் சிறக்கும் என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என ஆராய்வார்க்கு மாத்தளை மாவட்டம் தக்கதொரு சான்று அளிக்கின்றது. லக்கல மலைப்புறத்துக்கு வடக்கே, அதே மாவட்டத்தில் நிற்கும் சீகிரியாக் குன்றின் மேற்குப் பக்கக் குடைவில், காசியப்ப மன்னன் காலத்தில் (கி.பி. 477–495) தீட்டப்பெற்ற மகளிர் உருவங்கள் இன்றும் உள்ளன.

இவற்றை ஆக்கிய வண்ணங்கள் மிகச் சிலவே: செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கருமை, சுண்ணத்தின் வெண்மை. நீலம் ஏறத்தாழ இல்லை. எனினும் ஒரு மங்கை பொன்னிறத்தினள். அவள் அருகில் நிற்பவள் கருநிறத்தினள். இஃது எங்ஙனம் இயன்றது? வண்ணம் எதுவும் தனித்து நின்று தோன்றுவதில்லை. அயலிலுள்ள வண்ணத்தைச் சார்ந்தே தோன்றும். செம்மைக்கு அருகில் இட்ட சாம்பல்நிறம் கண்ணுக்கு நீலம்போற் குளிர்ந்து காணும். சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ண் (1860–1920) வெள்ளை, மஞ்சட்காவி, சிவப்பு, கறுப்பு என்னும் நான்கைக் கொண்டு முகங்களைத் தீட்டிப் புகழ்பெற்றதும் இவ்வுண்மையை அறிந்தே. பண்டைக் கிரேக்க ஓவியர் அப்பெலிசும் நான்கு வண்ணங்களையே கையாண்டார் என உரோம அறிஞர் பிளினி எழுதியுள்ளார்.

வண்ணம் சுருங்குங்கால், முகத்தின் உணர்ச்சியைப் புலப்படுத்தும் பொறுப்பு ஒளிநிழல் வேறுபாட்டின்மீதும் கோட்டின்மீதும் விழுகின்றது. தாழ்ந்த இமை, உதட்டின் ஓரம், கழுத்தின் சாய்வு ஆகியவற்றில் ஒரு கோடு பிறழினும் முகம் உயிரிழக்கும்; அக்குறையை மறைக்கப் பகட்டான நிறம் உதவாது. சீகிரியா ஓவியனும் முதலிற் போட்ட கோட்டைத் திருத்திய தடங்கள் பாறைச் சுதையில் இன்றும் தெரிகின்றன. எனவே முகம் வரையப் பயிலும் மாணவர் வண்ணப்பெட்டியைப் பெருக்குமுன் கண்ணையும் கையையும் பழக்குதல் வேண்டும்.

இம்மகளிர் யார் என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. அரண்மனை மகளிர் என்றார் பெல். அரமகளிர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மேகமும் மின்னலும் என்றார் பரணவிதான. ஆயின், ஒருத்தியின் முகம் மற்றொருத்தியின் முகத்தை ஒவ்வாமை காண்பார் எவர்க்கும் புலனாகும்.

1967இல் தீயோர் சிலர் இவ்வுருவங்கள்மீது பச்சைச் சாயம் பூசினர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரான்சி அரிதின் முயன்று சாயத்தை அகற்றினார். எனினும் சிதைந்தவை யாவும் மீளவில்லை. காவியும் சுண்ணமும் எக்காலத்தும் கிடைக்கும். அக்கோடுகளை இட்ட கை மீண்டும் வாராது. எஞ்சியவற்றைப் பேணுதல் நம் அனைவர்க்கும் கடன்.