வெற்றிக் கொடியை இறக்கிய பல்கலைக்கழகம்

விளையாட்டிலே தோற்றவர்கள், "அடுத்த ஆண்டு வெல்வோம்" என்று சூளுரைப்பது உலக வழக்கம். தோற்றபின் ஆட்டத்தையே கைவிட்டுவிடுவது என்று ஒரு பெரிய கல்விக்கூடம் தீர்மானிப்பது அபூர்வம். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் 1939ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அப்படித் தீர்மானித்தது. அதன் குழு தோற்றுத் தோற்றுப் பழகிய குழுவன்று. ஒரு காலத்தில் மகுடம் தரித்து நின்ற குழு. ஆகவேதான் அதன் கதை மாணவரும் பெற்றோரும் அறியத்தக்கதாகிறது.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. றக்பிக்கு நெருங்கிய உறவுடையது. பந்து முட்டை வடிவானது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆட்டக்காரர் ஒருவர் தம்முடைய எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே பந்தோடு மடக்கப்பட்டால், எதிரணிக்கு 2 புள்ளிகள் கிடைக்கும். இந்த இரண்டு புள்ளிகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

குருவும் சீடரும்

எண்ணெய் வணிகத்தால் பெருஞ்செல்வரான ஜோன் றொக்பெல்லரின் நன்கொடையால் எழுந்த இப்பல்கலைக்கழகம், 1892ஆம் ஆண்டு தன் கதவுகளைத் திறந்தது. முதல் தலைவர் வில்லியம் ஹாப்பர், முன்பு யேல் பல்கலைக்கழகத்திலே தம்மிடம் வேதாகமம் பயின்ற அமொஸ் அலொன்சோ ஸ்டாக் என்னும் இளைஞரை வரவழைத்து, உடற்பயிற்சித் துறையை ஒப்படைத்தார். மதபோதகராக விரும்பிய ஸ்டாக், பிரசங்க மேடை தமக்கு ஏற்றதன்று எனக் கண்டு மைதானத்தைத் தேர்ந்துகொண்டவர். முதலாண்டிலே ஆட்டக்காரர் போதாமையால், பயிற்சியாளரான அவரே மாணவரோடு சேர்ந்து ஆட நேர்ந்தது. அன்று தொடங்கி 1932 வரை 41 ஆட்டப் பருவங்கள் அவர் அங்கே பணிபுரிந்தார்.

மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் 1896இல் அமைத்து, பின்னாளில் "பிக் டென்" எனப் பெயர்பெற்ற சங்கத்தில் சிக்காகோவும் ஒரு தாபக உறுப்பினர். ஸ்டாக்கின் குழு 1899 முதல் 1924 வரையில் ஏழு முறை அச்சங்கத்தின் வீரர் பட்டத்தை வென்றது.

இரண்டே புள்ளிகள்

அவ்வெற்றிகளுள் தலையாயது 1905 நவம்பர் 30ஆந் திகதி கிட்டியது. எதிரே நின்றது மிச்சிக்கன் பல்கலைக்கழகம். தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வி என்பதையே அறியாத குழு அது. அவற்றுள் 55 வெற்றி, ஒன்று சமநிலை. அந்தப் பருவத்தில் மட்டும் 495 புள்ளிகள் குவித்து, எதிரிகளுக்கு ஒரு புள்ளியேனும் விட்டுக்கொடாமல் சிக்காகோவுக்கு வந்தது.

ஆட்டம் முடிந்தபோது சிக்காகோ 2, மிச்சிக்கன் 0. உதைக்கப்பட்ட பந்தை ஏந்திய மிச்சிக்கன் வீரர் ஒருவர் தம் எல்லைக்கோட்டுக்குப் பின்னே மடக்கப்பட்டதனால் வந்த புள்ளிகள் அவை. ஐந்தாண்டுப் பெருமை அந்த இரண்டு புள்ளிகளில் முடிந்தது.

தேய்பிறை

1924க்குப் பின் பட்டம் வரவில்லை. அயலிலுள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர் தொகையிலும் விளையாட்டரங்குகளின் அளவிலும் பெருகின. சிக்காகோவோ படிப்பின் தரத்தை உயர்த்திக்கொண்டே போயிற்று. 1929இல் தலைவரான றொபேட் ஹட்சின்ஸ் அப்போது முப்பது வயதினர். நுழைவுச் சீட்டு வருமானத்துக்காகவும் ஆரவாரத்துக்காகவும் கல்விக்கூடங்கள் உதைபந்தாட்டத்துக்கு அடிமையாகின்றன என்பது அவர் கருத்து. 1938இல் அதை ஒரு பிரபல வார இதழிலே பகிரங்கமாக எழுதினார்.

எழுபது வயதெய்திய ஸ்டாக், ஓய்வு விதிக்கமைய விலக நேர்ந்தது. ஓய்ந்திருக்க மனமில்லாத அவர் கலிபோர்னியா சென்று வேறொரு கல்லூரிக் குழுவைப் பயிற்றினார். நூற்றிரண்டு வயது வாழ்ந்து 1965இல் மறைந்தார்.

இறங்குமுகக் காலத்திலும் ஒரு விண்மீன் தோன்றிற்று. ஜே பெர்வாங்கர் என்னும் சிக்காகோ மாணவர், நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கென 1935இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பரிசைப் பெற்றார். இன்று ஹைஸ்மன் பரிசு எனப் புகழ்பெற்றிருப்பது அதுவே. அந்த வெண்கலச் சிலையை உறவுக்கார அம்மையார் ஒருவர் நெடுங்காலம் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்தாராம்! தொழின்முறைக் குழுக்கள் 1936இல் முதன்முறையாக ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தபோது முதலாவதாக அழைக்கப்பட்டவரும் பெர்வாங்கரே. ஆயினும் அவர் தொழின்முறை ஆட்டத்தில் இறங்கவேயில்லை.

85க்குப் பூச்சியம்

1939ஆம் ஆண்டுப் பெறுபேறுகளைப் பாருங்கள். ஹாவாட் 61, சிக்காகோ 0. மிச்சிக்கன் 85, சிக்காகோ 0. ஒகையோ 61, சிக்காகோ 0. எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி. சிறு கல்லூரிகள் இரண்டையே வெல்ல முடிந்தது. எடுத்த புள்ளிகள் 37, கொடுத்தவை 308. 1905இல் இரண்டு புள்ளிகளால் வீழ்ந்த மிச்சிக்கன், வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் நிருவாக சபை உதைபந்தாட்டத்தை நிறுத்தியது. குற்றம் பயிற்சியாளர் ஷோனசியின் திறமைக் குறைவா? அல்லவே! மறு ஆண்டே அவர் ஸ்டான்போட் பல்கலைக்கழகக் குழுவை ஒரு தோல்வியுமின்றி நடத்திச் சென்றார். சிக்காகோவின் மாணவர்கள் முதலில் மாணவர்களாக இருந்தார்கள். அவர்கள் எதிர்த்து நின்றதோ விளையாட்டுக்கென்றே திரட்டப்பட்ட படைகளை. 85 புள்ளிகள் வாங்கிய பின்னும் அடுத்த கிழமை அவர்கள் மைதானத்துக்குச் சென்றார்கள் என்பதை மறத்தல் ஆகாது.

மேடையின் கீழே

ஆரவாரம் அடங்கிய ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்குக் கீழே ஒரு பந்தாட்ட அறை இருந்தது. 1942 டிசம்பர் 2ஆந் திகதி, என்றிக்கோ பேர்மியின் தலைமையிலே விஞ்ஞானிகள் அங்கே காரீயக் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, அணுக்கருத் தொடர்வினையை முதன்முதலாகக் கட்டுப்பாட்டோடு இயக்கிக் காட்டினர். அணுமின் நிலையங்களுக்கும் அணுகுண்டுக்கும் பாதை திறந்த நாள் அது. அம்மேடை 1957இல் இடிக்கப்பட்டது. பழைய மைதானம் இருந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் நிற்கிறது.

மீண்டும் பந்து

கதை இத்துடன் முடிந்திருந்தால், "படிப்பு வென்றது, விளையாட்டுத் தோற்றது" என்று கூறிவிடலாம். ஆனால் முடியவில்லை. 1963இல் மாணவர் சிலர் மறுபடி ஆட முயன்றபோது, வேறு சிலர் மைதானத்தின் நடுவே அமர்ந்து மறியல் செய்தனர். எனினும் 1969இல் பல்கலைக்கழகக் குழு முறைப்படி மீண்டும் பிறந்தது. அது இப்போது ஆடுவது மூன்றாம் பிரிவிலே. அப்பிரிவில் விளையாட்டுத் திறமைக்கென்று எவருக்கும் புலமைப்பரிசில் கிடையாது. வகுப்பை முடித்துக்கொண்டு வந்து ஆடுகிறார்கள். ஆடிவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

ஹட்சின்ஸ் பகைத்தது பந்தை அன்று, பந்தைச் சுற்றி எழுந்த சந்தையை என்று கொண்டால், இந்த மறுபிறப்பு அவருடைய தீர்மானத்துக்கு முரணாகாது. பிள்ளைகளின் விளையாட்டு வெற்றியிலே தம் பெருமையைத் தேடும் பெற்றோரும் பாடசாலைகளும் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: பிள்ளை ஆடுவது தனக்காகவா, நமக்காகவா?

மூன்றாம் பிரிவின் இறுதி ஆட்டத்துக்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர் யாருடையது தெரியுமா? ஆள் போதாமல் மாணவரோடு தாமும் இறங்கி ஆடிய அதே அமொஸ் அலொன்சோ ஸ்டாக்கினுடையது.