மஞ்சட் காலின் மரபு

வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை செங்காட்டுக்கோழி ஒன்றே என 1868இல் டார்வின் எழுதினார். ஆயின் செங்காட்டுக்கோழியின் தோல் வெண்மையானது. எங்கள் வளவுகளில் மேயும் லெகோன் கோழிக்கு மஞ்சள் நிறக் கால் எங்கிருந்து வந்தது?

சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த வரலாற்றை அறிந்த எமக்கு இவ்வாராய்ச்சி முறை புதிதன்று. இரண்டு ஏடுகளில் ஒரே வழு காணப்படின் இரண்டும் ஒரு மூலத்தின் வழி வந்தவை என்று ஊகிப்போம். பரம்பரையலகுகளும் படியெடுக்கப்படும் ஏடுகளே. தீனியிலுள்ள மஞ்சட் சாயத்தைத் தோலிலே சிதைக்கும் நொதியம் ஒன்றுண்டு. லெகோன் முதலிய இனங்களின் தோலில் அது அடங்கிக் கிடத்தலால் சாயம் தங்கிவிடுகின்றது. அதற்குரிய அலகு, தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியின் அலகையே பெரிதும் ஒத்திருத்தலைச் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2008இல் கண்டனர். இடைச்செருகல் என்போமே, அஃதே இது!

இதனால் டார்வின் வழுவினார் என்பது மிகை. 863 பறவைகளின் பரம்பரையலகுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வும், வீட்டுக் கோழியின் பெருமரபு தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் சிற்றினம் ஒன்றினின்று வந்ததென்றே கூறுகின்றது.

ஐயுறும் மாணவர், மஞ்சள் நிறத் தோலுடைய சேவலைக் கலப்பற்ற வெண்ணிறத் தோற் பேட்டுடன் சேர்த்துப் பார்க்கலாம். முதற் குஞ்சுகள் யாவும் வெண்ணிறத் தோலினவாகும். அவற்றைத் தம்முட் சேர்ப்பின், வரும் குஞ்சுகளில் ஏறக்குறைய நாலிலொன்று மஞ்சள் நிறம் பெறும்.