பறவையை எண்ணினால் ஏரி பிழைக்குமா?

பொங்கல் நெருங்கிவிட்டது. 2015 முதல் ஆண்டுதோறும் பண்டிகையை ஒட்டிய நான்கு நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கத்து வாசகர்களும் தயாராகிறார்கள். எந்த ஏரிக்குப் போகலாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரைப் பேச அழைக்கலாம் என்றெல்லாம் கடிதங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று: “நாங்கள் நடந்து, எண்ணி, பட்டியல் கொடுத்தால் ஏரியைக் காப்பாற்றிவிடுவார்களா?”

தானாகக் காப்பாற்ற மாட்டார்கள். ஏன் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கொடுத்த கையே பறிக்கிறது

2017 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மை விதிகள்தான் நடைமுறையில் உள்ளவை. ஈரநிலம் எது என்று அவை சொல்லத் தொடங்கும்போது தாராளமாகவே தொடங்குகின்றன. இயற்கையோ செயற்கையோ, ஆண்டு முழுதும் நீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, நன்னீரோ உப்புநீரோ எல்லாம் ஈரநிலம். ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துக்கொண்ட விளக்கம் இது. இதோடு முற்றுப்புள்ளி வைத்திருந்தால் நம் வட்டாரத்து ஏரி ஒவ்வொன்றும் உள்ளே வந்திருக்கும்.

வைக்கவில்லை. ஆற்றுப் படுகை சேராது, நெல்வயல் சேராது, குடிநீருக்கென்றே கட்டிய நீர்நிலை சேராது, மீன்வளர்ப்பு, உப்பளம், பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென்றே கட்டியவையும் சேரா என்று அதே வாக்கியம் முடிகிறது.

தமிழ்நாட்டில் ஏரியைப் பாசனத்துக்கு வெட்டாமல் வேறெதற்கு வெட்டினார்கள்? மதகும் கலிங்கும் உள்ள எந்த நீர்நிலையையும் இந்தக் கடைசி வரியைக் காட்டி வெளியே நிறுத்திவிடலாம். பாதுகாக்க மனமுள்ள அலுவலர் முற்பாதியைப் படிப்பார்; மனமில்லாதவர் பிற்பாதியைப் படிப்பார். இருவருமே விதிப்படி நடந்ததாகக் கோப்பில் எழுதலாம். ஐந்து ஆண்டுகளில் 100 ஈரநிலங்கள் என்று மாநில அரசு ஈரநில இயக்கம் அறிவித்தபோதும் இந்த வரி அப்படியேதான் இருந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரியை எடுத்துக்கொள்ளுங்கள். சோழகங்கம் என்பது பழைய பெயர். கங்கை வெற்றியின் நினைவாக முதலாம் ராஜேந்திரன் நீராலேயே எழுப்பிய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. விலக்குப் பட்டியலில் வெற்றித் தூண் இல்லை! வழக்கறிஞர் ஒருவர் செப்பேட்டைக் காட்டி, இது பாசனத்துக்கென்றே கட்டியதல்ல என்று வாதாடலாம். எதிர்த்தரப்பு மதகைக் காட்டும். ஆக, ஓர் ஏரியின் இன்றைய தகுதி, ஆயிரம் ஆண்டுக்கு முன் அதை வெட்டியவர் மனத்தில் என்ன இருந்தது என்பதில் வந்து நிற்கிறது. இன்று அங்கே இறங்கும் பறவைக்கு இந்த வழக்கில் இடமே இல்லை.

நம் மாவட்டத்தின் மேற்கே உள்ள கரைவெட்டியும் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து நிரம்பும் பாசன ஏரிதான். பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி அங்கே வருகின்றன. 453.72 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 2024 ஜனவரியில் ராம்சார் தலமானபோது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அதற்குச் சட்டக் காவல் கிடைத்தது 1999-ல், பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களுக்குத் தாங்கள் பொருந்தமாட்டோம் என்று 2017 விதிகளே சொல்லிவிட்டன. அங்கே காவல் காப்பது பழைய சட்டம். ராம்சார் என்பது மேலே சூட்டிய பட்டம்.

நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களை நேரில் சரிபார்த்து எல்லை குறிக்க, 2024 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு மூன்று மாதம் கொடுத்தது. செயற்கைக்கோளுக்கு ஏரியும் ஈரநிலமாகவே தெரியும். விதிக்குத்தான் தெரிவதில்லை.

மற்ற கேள்விகள்

*ஏரிக்கு வேறு சட்டமே இல்லையா?*
உண்டு. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத் துறை ஏரிகளின் பரப்பைக் காக்கிறது. தூர்வாரும்போது கூடு கட்டும் கருவேல மரங்களை வெட்டினால் அது கண்டுகொள்ளாது.

*பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக்கினால்?*
மதுரை அரிட்டாபட்டி 2022 நவம்பரில் அப்படி ஆனது. 2024 நவம்பரில் அதன் ஒரு பகுதியும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது. ஊர்மக்கள் போராடிய பிறகு, 2025 ஜனவரியில்தான் ரத்தானது.

*ராம்சார் பட்டத்துக்கு நாமே விண்ணப்பிக்கலாமா?*
முடியாது, ஒன்றிய அரசுதான் முன்மொழிய வேண்டும்.

*எப்படி எண்ணுவது?*
ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் விடாமல் குறித்து, இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள்.

*பைனாகுலர் வேண்டுமா?*
இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வாருங்கள்.

*யாரைப் பேச அழைப்பது?*
பறவை தெரிந்தவர் ஒருவர், ஆயக்கட்டு விவசாயி ஒருவர்.

*எண்ணிய பட்டியலை என்ன செய்வது?*
பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் ஜனவரி 26-ல் கிராம சபை கூடும். ஏரியின் புல எண், ஏ-பதிவேட்டு நகல், பறவைப் பட்டியல் மூன்றையும் கொண்டுபோய், பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். தீர்மான நகலை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.