முனிவர்கள் வாழாத முனியறைகள்

போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளைத் தாண்டினால் அகத்தியர் மலைக்குப் பாதை தொடங்குகிறது. 1,868 மீட்டர் உயரத்தில் குறுமுனி இன்னும் தவம் செய்கிறார் என்ற நம்பிக்கையில் மூச்சிரைக்க ஏறுகிறார்கள் பக்தர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் புரியாத எதையும் ஏதாவதொரு முனிவர் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். வடக்கே, இடுக்கி மாவட்டத்து மறையூரிலும் அதுதான் நடந்தது. பாறை மேல் நிற்கும் கல் அறைகளுக்கு அங்கே பெயர், முனியறை.

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காட்டைக் கடந்து மூணாறு சாலையில் போனால் மறையூர். சந்தனக் காட்டுக்கும் கரும்பு வெல்லத்துக்கும் பேர்போன ஊர். அஞ்சுநாட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பள்ளத்தாக்கு. வனவாசத்தில் பாண்டவர்கள் மறைந்திருந்ததால்தான் மறையூர் என்கிறது உள்ளூர்க் கதை.

உண்மை இன்னும் சுவாரஸ்யமானது. முனியறைகள் வீடுகள் அல்ல, ஈமச் சின்னங்கள். தொல்லியலாளர்கள் இவற்றைக் கற்திட்டை என்கிறார்கள். பலகை போன்ற கற்களை நான்கு பக்கமும் செங்குத்தாக நிறுத்தி, மேலே பெரிய மூடுகல். சாந்து கிடையாது, கல்லைக் கல்லே தாங்குகிறது. மண்ணில் குழி தோண்ட முடிந்த இடங்களில் பதுக்கையும் தாழியும் புதைத்தார்கள். மொட்டைப் பாறையில் எங்கே தோண்டுவது? தரைக்கு மேலேயே கட்டிவிட்டார்கள். தென்னிந்தியாவின் பெருங்கற்காலச் சின்னங்களில் பெரும்பாலானவை கி.மு. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. மண்ணின் வாகுக்கேற்ப வடிவம் மாறும். திருச்சூர் அருகே அரியன்னூரிலும் சேரமனங்காட்டிலும் செம்புரைக்கல்லைச் செதுக்கிக் குடைக்கல் செய்திருக்கிறார்கள்.

மறையூர் அறையை முதன்முதலாகப் பார்க்கும் அயர்லாந்துக்காரர் தம் ஊர் ஞாபகத்தில் திகைக்கக்கூடும். கிளேர் கவுண்டியில் சுண்ணாம்புப் பாறைவெளியில் நிற்கும் பூல்னப்ரோனுக்கும் இதே உருவம்தான். ஹைதராபாத் நிஜாமிடம் பணியாற்றிய மெடோஸ் டெய்லருக்கும் அந்தத் திகைப்பு இருந்தது. தக்காணத்துக் கல்லறைகள் பற்றி அவர் 1860களில் எழுதிய கட்டுரையை வெளியிட்டதே டப்ளினில் உள்ள ராயல் ஐரிஷ் அகாதமிதான். கெல்ட் இனத்தாரும் துருயிட் பூசாரிகளும் இங்கே வந்து கட்டினார்களோ என்றெல்லாம் அக்காலத்து வெள்ளையர்கள் யோசித்தார்கள். வீண் யோசனை. பூல்னப்ரோன் இரும்பையே அறியாதவர்கள் எழுப்பியது. நம்முடையதைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. செத்தவரை மறக்க மனமில்லாத இரு கூட்டத்தார், கையில் கிடைத்த கல்லை ஒரே மாதிரி அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

வேறு ஓர் ஒற்றுமையும் உண்டு. அயர்லாந்தின் குத்துக்கற்கள் சிலவற்றில் ஓகம் என்ற கோட்டெழுத்தில் பெயர்களைப் பொறித்தார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் இருப்பதோ தமிழ் பிராமி. ஆகோள் பூசலில், அதாவது மாடு பிடி சண்டையில், மாண்டவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். ஓகம் கற்களுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை இவை.

வேற்றுமை, பின்னால் வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. 1985இல் பூல்னப்ரோனின் தூண் ஒன்றில் விரிசல் கண்டார்கள். உடனே அகழாய்வு, 30க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. கைக்குழந்தை முதல் பெரியவர்வரை அதில் இருந்தார்கள். உடைந்த தூணுக்குப் பதில் புதுத்தூண் நட்டு, மூடுகல்லை அப்படியே காப்பாற்றினார்கள்.

மறையூரில் மூடுகல் சரிந்த அறைகள் பல, சரிந்தபடியே கிடக்கின்றன. புதையல் தேடியவர்களின் கடப்பாரை ஒரு பக்கம், கல்லில் காதலி பெயரைக் கிறுக்குபவர்கள் மறுபக்கம். இத்தகைய அறைகளில் தங்கம் தேடுவது மடமை. பொதுவாகக் கிடைப்பவை கறுப்பு-சிவப்புப் பானை ஓடு, துருப்பிடித்த இரும்பு, பாசிமணி, எலும்புத் துண்டு. திருடனுக்குப் பயன்படாத சரக்கு. ஆனால் அறைக்குள் படுத்தவர் யார், என்ன தின்றார், எந்த வயதில் செத்தார் என்று சொல்லக்கூடிய சாட்சிகள் அவை மட்டுமே. கிளறி எறிந்த மண்ணிலிருந்து அதைப் படிக்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் ஆகாது.

பார்க்கப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போவது நல்லது. பாறையில் நிழல் இல்லை. மூடுகல்லின் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள். அதைத் தாங்குவது வெறும் பலகைக் கற்கள்.