கொல்லைப்புறம் வழியா வாங்க, பாஸ்டன் காட்டுறேன்!

"சித்தி, நீங்க அந்தக் கடைசியில போய் நில்லுங்க. நான் இந்தக் கடைசி. திரும்பிப் பார்க்கக் கூடாது, சரியா?" என்றாள் அக்கா மகள்.

நாங்கள் நின்றிருந்தது உலக உருண்டைக்குள்ளே. ஆமாம், உள்ளே! மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடி உருண்டை, அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு முப்பதடி நீளத்துக்கு ஒரு பாலம். தலைக்கு மேலே வட துருவம், காலுக்குக் கீழே அண்டார்டிகா, சுற்றிலும் வெளிச்சத்தில் மின்னும் 608 வண்ணக் கண்ணாடிகள். பாலத்தின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். முப்பதடி தள்ளி எனக்கு முதுகு காட்டி நிற்பவளின் குரல், தோளில் சாய்ந்து ரகசியம் சொல்வதுபோல என் காதுக்குள் கேட்டது.

"சித்தி, உங்க முந்தானை தரையைக் கூட்டுது."

அலறிவிட்டேன். அந்த அலறல் உருண்டை முழுக்கச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. கூட வந்த இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகள் என்னைவிட உரக்கச் சிரித்தார்கள்.

இதன் பெயர் மேப்பேரியம். கிறிஸ்டியன் சயன்ஸ் சபையின் வளாகத்தில் இருக்கிறது. 1935ல் கட்டியது. கண்ணாடி சத்தத்தைக் குடிக்காது, தெறித்து அனுப்பும். உருண்டையின் வளைவு அதை அள்ளிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் கொட்டும். சூட்சுமம் அவ்வளவுதான். பாலத்தின் நட்டநடுவில் நின்று பேசினால் நம் குரலே நாலு பக்கமிருந்தும் நம் மேல் வந்து விழும், கோயில் மண்டபத்தில் பேசியதுபோல. வரைபடமும் 1935லேயே நின்றுவிட்டது. இந்தியா பிரியாமல் ஒரே துண்டாக இருக்கிறது, இலங்கை சிலோனாக, தாய்லாந்து சயாமாக. காலையில் முதல் ஆளாகப் போங்கள், கூட்டம் குறைவு. மாமியாரோடு போகிறவர்கள் மட்டும் அங்கே வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கேம்பிரிட்ஜில் படிக்கிற இந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு சட்டம். "முன்வாசலை எல்லாரும் பார்ப்பாங்க சித்தி. நாம கொல்லைப்புறம் போவோம்." மூன்று நாள் அவள் பின்னாலேயே ஓடினேன்.

முதலில் அடிப்படை. பாஸ்டனில் கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். தெருக்கள் நேராகப் போகவே போகாது, வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் சாமிக்குத் தேங்காய் உடைக்கலாம். சுரங்க ரயில் இருக்கிறது. 1897ல் ஓடத் தொடங்கியது, அமெரிக்காவிலேயே முதல் சுரங்கப்பாதை. பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறி வந்தால் பாஸ்டன் காமன் என்ற பெரிய புல்வெளி. அங்கிருந்து தரையில் ஒரு சிவப்புக் கோடு கிளம்பும், சில இடத்தில் செங்கல், சில இடத்தில் பெயிண்ட். அதுதான் ஃப்ரீடம் டிரெயில். வில்லியம் ஸ்கோஃபீல்ட் என்ற பத்திரிகைக்காரர் 1951ல் சொன்ன யோசனை. நாலு கிலோமீட்டர், 16 இடங்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அமெரிக்கச் சுதந்திரப் போர் பாதி முடிந்துவிடும். நல்ல ஷூ போடுங்கள். நான் புதுச் செருப்பு போட்டுப் போய், இரண்டாம் நாள் குதிகால் பிளாஸ்திரியோடு நடந்தேன்.

கோட்டில் முதல் பெரிய கட்டடம் தங்கக் கூரை போட்ட மாநிலச் சட்டமன்றம். எல்லாரும் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அட, உள்ளே போங்களேன்! வார நாட்களில் இலவசமாகவே சுற்றிக் காட்டுகிறார்கள். அந்தக் கூரை முதலில் மரம். ஒழுகியது. 1802ல் பால் ரிவியர் செம்புத் தகடு அடித்துக் கொடுத்தார். குதிரையேறிப் போய் "ஆங்கிலேயப் படை வருகிறது" என்று எச்சரித்த அதே ரிவியர்தான். தங்க முலாம் 1874ல். இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணுக்குத் தப்ப அந்தத் தங்கத்துக்கு மேலேயே சாம்பல் பெயிண்ட் பூசினார்கள். நகைக்கடையில் நிற்கிற என்னைப் போன்ற ஆளுக்கு இதைக் கேட்கவே வயிறு எரிந்தது.

ஆனால் நான் துள்ளியது மேலே, பிரதிநிதிகள் அவையில். விட்டத்திலிருந்து ஒரு மர மீன் தொங்குகிறது! ஐந்தடி இருக்கும். 'புனித காட்'. காட் மீன் விற்றுத்தான் இந்த ஊர் பணக்கார ஊரானது, அந்த நன்றிக்கு மீனைச் சட்டமன்றத்துக்கே கூட்டிவந்துவிட்டார்கள். 1933ல் ஹார்வர்டு மாணவர்கள் சிலர் விளையாட்டுக்கு அதைத் திருடிக்கொண்டு போக, ஊரே அமளிதுமளி. சார்லஸ் ஆற்றில்கூடத் தேடினார்களாம். சில நாளில் மீன் பத்திரமாக வீடு திரும்பியது. செனட்டுக்கு மட்டும் மீன் வேண்டாமா? அங்கே விளக்குக் கொத்தில் ஒரு கானாங்கெளுத்தி ஒளிந்திருக்கிறது, பித்தளையில். கழுத்து வலிக்கத் தேடினேன். அக்கா மகள் மூன்று விநாடியில் காட்டிவிட்டாள்.

அடுத்து கிரேனரி மயானம். பால் ரிவியர், சுதந்திரப் போராட்டத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் எல்லாம் இங்கேதான். கல்லறைக் கற்கள் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்ததுபோல வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே சந்தேகம் வரவேண்டும். பின்னாளில் நடைபாதை போடவும் பார்வைக்கு ஒழுங்காக இருக்கவும் கற்களைப் பிடுங்கி வரிசை கட்டி நட்டுவிட்டார்கள். கல் சுமார் 2,300, உள்ளே இருப்பவர்களோ ஏறக்குறைய 5,000 பேர். யார் தலைமாட்டில் யார் பெயர் நிற்கிறதோ! அவரவர் பெயரைத் தேடி ராத்திரியில் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

தூக்கம் போனதுதான் போனது, மறுநாள் நேராகப் பாதாளத்துக்கே போனோம். நார்த் எண்ட் பகுதியில் 1723ல் கட்டிய ஓல்ட் நார்த் தேவாலயம். 1775 ஏப்ரல் 18 ராத்திரி இதன் கோபுரத்தில்தான் இரண்டு லாந்தர் தொங்கியது. படை நீர் வழியாகக் கிளம்புகிறது என்று அக்கரைக்குச் சைகை. மேலே உட்காருமிடம் எல்லாம் மரப் பெட்டிகள் மாதிரி கதவு போட்டு இருக்கும், குளிர் தாங்க. அதுவரை எல்லாருக்கும் தெரியும். தனி டிக்கெட் எடுத்தால் கீழே நிலவறைக்கு விடுகிறார்கள். குனிந்து போகவேண்டும். இரண்டு பக்கமும் சுவரில் சிறு சிறு கதவுகள், தலைக்கு மேல் குழாய்கள், மூக்கில் பழைய ஈரச் சுண்ணாம்பு வாடை. 37 அறைகள், 1732 முதல் 1860 வரை சுமார் 1,100 பேரை வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் மேஜர் பிட்கெய்ர்ன், பங்கர் ஹில் சண்டையில் செத்த பிரிட்டிஷ் அதிகாரி. பல வருஷம் கழித்து உடலை லண்டனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, பெட்டி மாறி வேறு யாரையோ அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு இன்றுவரை ஓடுகிறது. கூட வந்தவர்கள் "ச்சே" என்றார்கள். எனக்கு வந்தது சிரிப்பு. வெளிநாட்டுக்கு பார்சல் அனுப்பிய அனுபவம் எனக்கும் உண்டு.

வெளியே வந்து ஹல் தெருவில் கொஞ்சம் ஏறினால் 44ஆம் எண் வீடு. அகலமே பத்தடிதான்! சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிக்கு வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்கவென்றே கட்டியதாகக் கதை. கதை உண்மையோ பொய்யோ, பங்காளிக் காய்ச்சல் உலகப் பொது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. சைவக்காரர்கள் கவனியுங்கள்! பாஸ்டன் பேக்ட் பீன்ஸ் என்று அவரைப் பருப்புப் பெயரில் வருவதில் வழக்கமாகப் பன்றிக்கறி கிடக்கும். சவுடர் சூப் வெள்ளை வெளேர் என்று பால் பாயசம் மாதிரி இருக்கும், உள்ளே கிளிஞ்சல் சதை, பல இடத்தில் கூடவே பேக்கனும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பாஸ்டன் கிரீம் பை முட்டை சேர்ந்தது. பெயர்தான் பை, சாமான் கேக். அது பிறந்தது பார்க்கர் ஹவுஸ் ஓட்டலில். அதன் பின்பக்கத்தை நினைத்துத்தான் எனக்குச் சிலிர்த்தது. 1940களில் அங்கே மேஜை துடைத்த பையன், பின்னாளில் கறுப்பின உரிமைத் தலைவரான மால்கம் எக்ஸ். வியட்நாமின் ஹோ சி மின் இளமையில் அங்கே அடுமனையில் வேலை பார்த்ததாகவும் ஓட்டல் சொல்லிக்கொள்கிறது. ராஜா மாதிரி முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பெயர் யாருக்கு ஞாபகம்!

பேஸ்பால் எனக்கு அ, ஆ தெரியாது. ஆனாலும் ஃபென்வே பார்க் சுற்றுலாவைத் தவறவிடாதீர்கள். 1912ல் திறந்த மைதானம். இடது பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர், 'கிரீன் மான்ஸ்டர்'. அதன் அடிவயிற்றில் ஒரு ஒடுக்கமான அறை. ஆட்டம் நடக்கும்போது ஆள் உள்ளே இருந்துகொண்டு எண் பலகையைக் கையால் மாற்றிக்கொண்டே இருப்பார். பலகையின் வெள்ளைக் கோடுகளில் செங்குத்தாகப் புள்ளியும் கோடுமாக ஏதோ தெரியும். அழுக்கு என்று நினைத்தேன். மோர்ஸ் குறி! பழைய முதலாளி தம்பதியின் பெயர் எழுத்துகள். அப்புறம் வலப்பக்கப் பார்வையாளர் வரிசைகளில் பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு நாற்காலி. 1946ல் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே இருந்தவரின் வைக்கோல் தொப்பியில் விழுந்தது. நம் ஊர் சிக்ஸரெல்லாம் கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும்.

கார்ட்னர் மியூசியத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1990ல் போலீஸ் உடுப்பில் வந்த இரண்டு திருடர்கள் 13 கலைப்பொருள்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. எதையும் இடம் மாற்றக்கூடாது என்று அதை நிறுவிய இசபெல்லா கார்ட்னர் அம்மாள் உயில் எழுதிவைத்துவிட்டுப் போனதால் காலிச் சட்டங்கள் சுவரில் அப்படியே தொங்குகின்றன. இசபெல்லா என்று பெயருள்ளவர்களுக்கு அனுமதி இலவசம். நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்து இசபெல்லாக்கள் பாஸ்போர்ட்டோடு போகலாம்.

இனிமேல்தான் விஷயம்.

சிவப்புக் கோட்டின் மேலேயே, டிரெமாண்ட் தெருவில், கிங்ஸ் சேப்பல் மயானம். ஊரிலேயே பழையது, 1630. எல்லாரும் பழைய மண்டையோட்டுச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் தேடிப்போனது ஃப்ரெடரிக் டியூடர் என்பவரை. ஐஸ் வியாபாரி. 1806ல் குளத்து ஐஸைக் கப்பலில் ஏற்றி மார்ட்டினிக் தீவுக்கு விற்கக் கிளம்பியபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. கடனில் மூழ்கிச் சிறைக்கும் போய்வந்தார். மனிதர் விடவில்லை. மரத்தூளில் பொதிந்தால் ஐஸ் உருகாமல் தாக்குப்பிடிக்கும் என்று பிடித்துக்கொண்டார். 1833ல் 180 டன் ஏற்றிய கப்பல் நாலு மாசம் வெயில் கடல் தாண்டிக் கல்கத்தா போனபோது கிட்டத்தட்ட 100 டன் மிச்சம்! அடுத்து மெட்ராஸ். 1842ல் கடற்கரையில் ஐஸ் வைக்க ஒரு வட்டக் கட்டடம்.

"எங்க திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ்டீ!" மயானத்தில் கத்தியது நான்தான்.

விவேகானந்தர் 1897ல் ஒன்பது நாள் தங்கினாரே, இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கிறதே, அதே கட்டடம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வேலைக்குப் போக தினமும் பஸ் ஏறிய நிறுத்தம். அந்தப் பெயரைக் கொடுத்த மனுஷன் என் காலடிக்குப் பக்கத்தில், அமெரிக்க மண்ணில் படுத்திருக்கிறார். எழுத்தாளர் தோரோகூட 'வால்டன்' புத்தகத்தில், தன் குளத்தில் ஐஸ் வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்து மெட்ராஸ் ஜனங்களை நினைத்துக்கொள்கிறார். மெட்ராஸ் கோட்டையில் கவர்னராக இருந்த எலைஹு யேல் பிறந்ததும் இதே பாஸ்டனில்தான், 1649ல். மூன்று வயசில் போனவர் திரும்பி வரவே இல்லை. அவரைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை, ஐஸ் பின்னால் போகவேண்டியிருந்தது.

ரெட் லைன் ரயிலைக் கடைசிவரை, ஏல்வைஃப் நிலையம் வரை பிடித்து, அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கேம்பிரிட்ஜின் ஃப்ரெஷ் பாண்ட். டியூடரின் ஆட்கள் குதிரை பூட்டிய ரம்பத்தால் ஐஸ் அறுத்த குளம். இங்கே வெட்டியது இந்தியாவரை போயிருக்கிறது. இப்போது வேலி போட்ட நீர்த்தேக்கம். ஓடுகிறவர்கள், நாய் கூட்டிவருகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். ஓர் அறிவிப்புப் பலகை மட்டும்தான்; டிக்கெட் இல்லை, கடை இல்லை, சிவப்புக் கோடும் இல்லை. மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அக்கா மகள் மூன்று தடவை கடிகாரம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் சோபாவில் சாய்ந்தேன். சமையலறையில் டிரேயை முறுக்கும் சத்தம்.

"சித்தி, தண்ணியில ஐஸ் போடவா?"

"குழாய்த் தண்ணியா?"

"ஆமா, இங்க எல்லாரும் அதான் குடிப்போம். அந்தக் குளத்துத் தண்ணிதான் வருது."

"ரெண்டு கட்டி போடு. இல்ல, நாலு போடு!"