தோலாடை: ஈரமும் எண்ணெயும்

தோலாடையைக் கெடுக்கும் பிழைகளில் பெரும்பாலானவை, அதையும் துணி வகைகளுள் ஒன்றாகக் கருதித் துவைக்க முற்படுவதால் நேர்பவை. துணி என்பது நூலிழைகளை ஊடும் பாவுமாக நெய்து பெறுவது. தோலோ, கொலாஜன் என்னும் புரதத்தாலான நுண்ணிய நார்கள் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கும் அடர்ந்த வலை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை போன்ற ஊர்களின் பதனிடும் ஆலைகளில் இந்நார்கள் அழுகாதவாறு குரோமிய உப்பாலோ மரப்பட்டைச் சாறுகளாலோ பதப்படுத்தப்பட்ட பின்னர், காயும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடாமலிருக்க எண்ணெய்க் குழம்பு ஊட்டப்படுகிறது. கையில் எடுத்தவுடன் உணரும் குழைவு அந்த எண்ணெயால் வருவது. சோப்பும் சலவைத்தூளும் அழுக்கோடு அதையும் சேர்த்தே கரைத்துவிடுகின்றன. மேலும் அவை காரத்தன்மை உடையவை, பதனிட்ட தோலோ இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது என்பதால், ஒரே சலவையில் ஆடை விறைத்துச் சாயமிழக்கக்கூடும்.

அன்றாட அழுக்குக்கு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைப்பதே போதும். வியர்வை படியும் கழுத்துப்பட்டையையும் கைமுனைகளையும் மட்டும் அடிக்கடி கவனிக்க வேண்டும். அதற்கு முன், மடிப்பின் உட்புறத்தில் ஒரு துளி நீரை வைத்துப் பார்ப்பது நல்லது. துளி உருண்டு நின்றால் தோலின் மேல் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. உறிஞ்சப்பட்டு அவ்விடம் கறுத்தால் அது பூச்சற்ற தோல், ஈரத்துணியையும் தயங்கியே பயன்படுத்த வேண்டியது. உட்புறத்தைத் தேய்த்து மயிர்ப்பஞ்சு போலாக்கிய சூயிட் வகைக்கு நீரே ஆகாது, மென்தூரிகை போதும்.

மழையில் நனைந்த ஆடையைப் பருத்தித் துணியால் ஒற்றி, பைகளைக் காலிசெய்து, அகன்ற தோள்களுடைய மாட்டியில் தொங்கவிட்டு, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். பதனிடாத தோல் ஈரத்தில் ஏறத்தாழ 65 பாகை செல்சியஸிலேயே மீளாதவாறு சுருங்கிவிடும். குரோமியத்தில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கக்கூடியது என்றாலும், அதன் மேற்பூச்சும் எண்ணெயும் அவ்வளவு வெப்பத்தைத் தாங்குவதில்லை. ஆகவே வெயிலும் இஸ்திரிப்பெட்டியும் கூடாது.

விறைத்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கமும் கைவிடத்தக்கதே. ஏறத்தாழ 25 பாகைக்குக் கீழே உறையும் அவ்வெண்ணெய், குளிர்ந்த நாள்களில் தோலின் மேல் வெண்படலமாகப் பூக்கும். மிகுந்தால் தூசியையும் ஈர்க்கும். தோலுக்கென்றே விற்கப்படும் களிம்பை மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுப்பதே தக்கது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை போன்ற கடலோர நகரங்களின் மூடிய அலமாரிகளில் அக்குளிலும் காலரின் அடியிலும் சாம்பல் தூவியதுபோல் படர்வது பூஞ்சை. அதை வீட்டுக்கு வெளியே உலர்ந்த தூரிகையால் தட்டியெடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவில் கலந்த கரைசலை முதலில் மறைவிடத்தில் சோதித்து, சாயம் ஒட்டாவிடில் அதில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்படுத்துவதால், பழைய பருத்தி வேட்டியால் மூடி, மாதம் ஒருமுறையேனும் வெளியே எடுத்துக் காற்றாட விடுவது எந்தக் களிம்பையும்விடப் பயன்தரும்.