குசினிக்குத் தொட்டி வாங்கப் போகிறீர்களா?

வீடு திருத்தும்போது ஆண்களாகிய நாங்கள் முன்வாசல் நிலைக்கும் விறாந்தை டைல்ஸுக்கும் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். குசினிக்கு வந்து சேரும்போது கையில் காசும் குறைந்திருக்கும், பொறுமையும் குறைந்திருக்கும். "சிங்க் ஒன்றுதானே, ஏதாவது ஒன்றை எடுத்துப் போடுவோம்" என்று முடித்துவிடுகிறோம். அப்படி முடித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் பட்டதையும் பின்னர் கற்றுக்கொண்டதையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு கட்டியது. கிழக்குக் கரையோரத்தில் அந்தக் காலத்தில் எழுந்த பல வீடுகளைப் போல அதன் குசினியும் அவசரத்தில் முடிந்ததுதான். பாத்திரம் கழுவ ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அதில் வெடிப்பு விழுந்து சுவர் ஊறத் தொடங்கியதும் குசினியைத் திருத்த முடிவு செய்தோம். மேசனையும் கூட்டிக்கொண்டு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கண்ணாடிபோல் பளபளத்த, இரண்டு குழி கொண்ட, ஆழமான ஒரு தொட்டியைப் பார்த்தேன். "ஆழம் கூடினால் தண்ணீர் தெறிக்காது" என்றார் கடைக்காரர். அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் போனது. மனைவி இரவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பதைக் கண்டேன். வயது போகிறது, குளிர் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நோன்பு காலத்தில் என் ராத்தா வந்து இரண்டு நாள் தங்கினார். கஞ்சிப் பானையைக் கழுவ அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இத வாங்கக்குள்ள மச்சிட்டக் கேட்டியா?"

நான் மனைவியைப் பார்த்தேன். "நீங்க கேக்கல்ல, நான் சொல்லவுமில்ல. வாங்கிட்டு வந்த சாமானக் குறை சொல்லி என்ன செய்யிற?" என்றார் அவர்.

வகுப்பறையில் தண்ணீரின் வகைகளைப் பிரித்துப் பிரித்துப் பாடம் நடத்துகிற நான், என் வீட்டில் தண்ணீர் எந்த உயரத்தில் விழுகிறது, அதற்கு யார் எவ்வளவு குனிகிறார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றுதான் அளவுநாடாவை எடுத்தேன்.

உயரமும் ஆழமும்

எங்கள் தட்டின் உயரம் தரையிலிருந்து 31 அங்குலம். தொட்டியின் ஆழம் 10 அங்குலம். ஆகவே பாத்திரம் கிடக்கும் அடித்தளம் தரையிலிருந்து 21 அங்குலத்தில் இருந்தது. மனைவியின் உயரம் 5 அடி. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் அவரது விரல் முட்டி 26 அங்குலத்தில் நிற்கிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் அவர் 5 அங்குலம் குனிந்துகொண்டிருந்தார். அதுவும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. இடுப்பு நோகாமல் என்ன செய்யும்?

ஆகவே சகோதரிகளே, முதலில் உங்கள் உடம்பை அளவுங்கள். செருப்பில்லாமல் நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். விரல் முட்டி நிற்கும் உயரத்துக்குச் சற்று மேலோ கீழோ தொட்டியின் அடித்தளம் வர வேண்டும். தட்டின் மேற்பரப்பு முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இருப்பது நல்லது. இப்போது எங்கள் தட்டை 34 அங்குலத்துக்கு உயர்த்தி, 8 அங்குல ஆழமுள்ள தொட்டியை வைத்திருக்கிறோம். அடித்தளம் 26 அங்குலத்தில் வந்து நிற்கிறது. 8 அங்குலத்துக்கே தண்ணீர் தெறிக்கிறதென்றால் குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறந்தால் போதும். அதில் தண்ணீரும் மிச்சமாகும்.

ஒரு குழியா, இரண்டு குழியா?

இதைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் வீட்டின் மிகப் பெரிய பாத்திரம். எங்கள் வீடுகளில் கஞ்சிப் பானை இருக்கிறது, தேக்சா இருக்கிறது, விருந்து வந்தால் சவன் இருக்கிறது. எங்கள் பழைய தொட்டியில் ஒவ்வொரு குழியும் 14 அங்குலம்தான். 20 அங்குலச் சவனை அதற்குள் சாய்த்துக்கூட வைக்க முடியவில்லை. பெருநாள் அன்று மனைவி சவன்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த்தான் கழுவினார்.

இரண்டு குழி இருந்தால் ஒன்றில் கழுவி மற்றதில் அலசலாம் என்பது உண்மைதான். சிறிய பாத்திரங்களே புழங்கும் வீட்டுக்கு அது பொருந்தும். பெரிய பாத்திரம் புழங்கும் வீட்டுக்கு அகலமான ஒரே குழியும், பக்கத்தில் தண்ணீர் வடியும் தட்டும் உள்ளதே வசதி. அந்த வடிதட்டு குழியை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழியின் மூலைகள் சற்று வளைந்திருந்தால் அழுக்குத் தங்காது. கூர்மையான செங்கோண மூலைகள் பார்க்க அழகு, ஆனால் தேய்த்து எடுப்பது கஷ்டம்.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது மனைவி சவனையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். தொட்டிக்குள் சவனைச் சாய்த்து வைத்துப் பார்த்துத்தான் தெரிவு செய்தோம்.

எல்லா ஸ்டீலும் ஒன்றல்ல

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது இரும்போடு குரோமியம் சேர்த்த உருக்கு. அதில் குரோமியம் குறைந்தது 10.5 வீதமாவது இருக்க வேண்டும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் படிந்துகொள்ளும். துருவைத் தடுப்பது அதுதான்.

குசினித் தொட்டிக்கு நல்லதென்று பொதுவாகச் சொல்லப்படுவது 304 என்ற தரம். அதில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. 201, 202 என்ற தரங்களில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறையும், துருவைத் தாங்கும் சக்தியும் குறையும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வீசுவதால் இந்த வேறுபாடு விரைவில் தெரியவரும். மொலிப்டினம் சேர்ந்த 316 உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் விலை கூடியது. தினமும் துடைத்து வைக்கும் வீட்டுக்கு 304 போதுமானது.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. 202இலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304இலும், அழுத்தி வளைத்த மூலைகளில் இலேசாக ஒட்டலாம். ஆகவே காந்தத்தை மட்டும் நம்பாமல், தரத்தின் எண்ணைக் கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது தகட்டின் தடிப்பு. இதைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் சிறிதானால் தகடு தடிப்பு. 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர், 22 கேஜ் 0.8 மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைவு. பெருவிரலால் அடித்தளத்தை அழுத்துங்கள். டின் மூடிபோல் உள்ளே போய் வந்தால் அது மெல்லிய தகடு. அடியில் ரப்பர் அட்டையோ தடித்த பூச்சோ இருந்தால் தண்ணீர் விழும் சத்தம் அடங்கும். எங்கள் முதல் தொட்டியில் அது இல்லை. ஸஹருக்கு எழும்பிக் குழாயைத் திறந்தால் வீடே விழித்துக்கொள்ளும்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

தொட்டிக்குக் கீழே வரும் குழாயில் ஒரு வளைவு இருக்க வேண்டும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். கான் நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வளைவைக் கழற்றித் துப்புரவு செய்யக் கை போக இடம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வேலை முடிந்ததும் குழியை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, மூட்டுக்களில் காய்ந்த துணியை வைத்து ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால், மேசன் போவதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.

பேணும் முறை

முதல் தொட்டியில் துருப் பிடித்ததற்குத் தொட்டி மட்டும் காரணமல்ல, எங்கள் பழக்கமும் காரணம். இரும்புத் தும்பால் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருவாகும். ஈரமான பால்மா டின்னை இரவு முழுக்க வைத்தால் வட்டமாகத் துருக் கறை விழும். கருவாடு ஊறிய உப்புத் தண்ணீரும், பிளீச் கலந்த தண்ணீரும் நெடுநேரம் நின்றால் ஸ்டீலில் குத்தினாற்போல் சிறு குழிகளை உண்டாக்கும். தேங்காய்த் தும்போ மென்மையான பஞ்சோ போதும். ஸ்டீலில் தெரியும் கோடுகளின் திசையிலேயே தேய்த்து, இரவில் கடைசியாக ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். புத்தளம், யாழ்ப்பாணம் போன்று சுண்ணக்கல் நிலத்து நீர் பாவிக்கும் இடங்களில் வெண்கறை படியும். சிறிது வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ தடவிக் கழுவினால் போய்விடும். ஆனால் பிளீச்சோடு வினாகிரியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து நஞ்சான குளோரின் வாயு எழும்.

பிரியாணித் தேக்சாவின் நெய்யைத் தொட்டியில் ஊற்றாமல் பழைய கடதாசியால் வழித்து எறியுங்கள். நெய் குழாய்க்குள் உறைந்து அடைப்பது மேலே தெரியாது.

பழைய தொட்டியை எறியவில்லை. கிணற்றடியில் கல் அடுக்கி, மனைவி சொன்ன உயரத்தில் வைத்திருக்கிறோம். மீன் கழுவ அது போதும், குசினிக்குள் செதிலும் வருவதில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் திருத்த வேலை நடக்கப்போகிறதென்றால், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் உயரத்தையும் உங்கள் பெரிய பாத்திரத்தின் அளவையும் ஒரு கடதாசியில் எழுதி, கடைக்குப் போகிறவரின் கையில் கொடுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். வாங்கி வைத்த பிறகு சொல்ல மனம் வராது. நோவு உங்கள் இடுப்பில்தான் இருக்கும். என் மனைவிக்கு அதுதான் நடந்தது, நான் கேட்காததால்.